மார்ச் மாதத்துத் தெளிந்த ஆற்றில் ட்ரௌட், இவானா மீன்களுக்கு எந்த ஃப்ளைகளைக் கட்டிக்கொண்டு போவது?

ஆற்றோரம் (சுங்கை சிப்புட், பேராக்) கேட்கிறார்:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஜப்பானின் நாகானோ மாநிலத்தில், மட்சுமோட்டோ நகரில் வேலை பார்க்கிறாள். வரும் மார்ச் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். அங்கே பெரும்பாலான மலையாறுகளில் பிப்ரவரி 16ஆம் நாள் மீன்பிடிப் பருவம் தொடங்கி, செப்டம்பர் கடைசியில் முடிவதாக அவள் விசாரித்துச் சொன்னாள். ஆற்று நீர் காலையில் 5 பாகை அளவில் இருப்பதாகவும், அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடும் அளவுக்குத் தெளிந்திருப்பதாகவும் கூறினாள். அங்கே ச்சார் இனத்தைச் சேர்ந்த இவானாவும், சால்மன் இனத்தைச் சேர்ந்த யமாமேயும் உள்நாட்டு மீன்கள். பெரிய ஆற்றில் பிரவுன் ட்ரௌட்டும் ரெயின்போ ட்ரௌட்டும் உண்டு.

இங்கே பிளஸ் ஆற்றின் மேற்பகுதியில் செபாரா, தெங்காஸ் மீன்களுக்கு நானே கட்டிய ஃப்ளைகளைத்தான் (முள்ளில் இறகும் இழையும் கட்டிச் செய்யும் போலி இரைகளை) வீசுகிறேன். என் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் 4ஆம் எண், 6ஆம் எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சிறியது) கட்டிய, குஞ்சு மீன் வடிவ ஸ்ட்ரீமர்கள்; வெள்ளை, மஞ்சள், மினுக்கும் இழை வைத்தவை. 24, 25 பாகை நீரில் துரத்தி வந்து அடிக்கும் மீனுக்கு அவை போதும். குளிர் நீரில், அதுவும் பருவத்தின் தொடக்கத்தில், இவை எவ்வளவு பயன்படும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

என் கேள்விகள் இவை. நீருக்கடியில் போகும், பூச்சியின் இளம்பருவத்தைப் போலக் கட்டிய நிம்ஃபை நம்பிப் போவதா, மிதக்கும் ட்ரை ஃப்ளையும் வேண்டுமா? எந்த எண் முள், எந்த நிறம், எவ்வளவு எடை? நுனி நூல் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? என்னிடம் இருப்பது 6ஆம் எடைத் தடி (வீசும் நூலின் எடையைக் கொண்டு இடும் எண்), அது ஒத்துவருமா? புறப்படுவதற்குள் கட்டி முடிக்க நேரம் இருக்கிறது. எனவே கடையில் வாங்கும் பெயர்களை மட்டும் சொல்லாமல், ஏன் அந்த ஃப்ளை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுவா ஏரிக்கரை (நாகானோ, சொந்த ஊர் சுங்கை சிப்புட்) மறுமொழி:

வணக்கம் ஐயா. 1982இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையின் வழியாக நம் நாட்டிலிருந்து இங்கே படிக்க வந்தவர்களில் நானும் ஒருவன். படித்து முடித்து இங்கேயே வேலையில் தங்கிவிட்டேன். நான் பிறந்ததும் நம் ஊர்த் தோட்டத்து லயத்தில்தான். நீங்கள் வரப்போகும் ஆறுகளில் பருவந்தோறும் இறங்குகிறவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மீனின் நிலையைப் புரிந்துகொண்டால் ஃப்ளையைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. 5 பாகை நீரில் அதன் செரிமானம் மெதுவாகிவிடுகிறது, தேவைப்படும் இரையும் குறைந்துவிடுகிறது. இலையுதிர் காலத்து ரப்பர் மரத்தில் பால் சுரப்பது குறைந்துபோவதைப் போல, மார்ச் மாதத்து இவானாவும் உயிரோட்டத்தைக் குறைத்துக்கொண்டு இருக்கிறது. செபாராவைப் போல இரையைத் துரத்திச் செலவழிக்க அதனிடம் மிச்சம் இல்லை. ஆழமான, நீரோட்டம் மெல்லிய இடத்தில், பெரும்பாலும் பாறையின் பின்புறத்திலோ மடுவின் வால்பகுதியிலோ தரையை ஒட்டிக் கிடந்து, வாய்க்கு எதிரே மிதந்து வருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. யமாமே அதைவிடச் சற்று விரைந்த நீரை விரும்புவது. ஆனால் இந்த மாதத்தில் அதுவும் ஓட்டத்தின் ஓரத்திலேயே நிற்கும்.

இதனால்தான் நான் ஃப்ளையின் பெயரைவிட மூன்று பொருள்களைப் பெரிதாக எண்ணுகிறேன்: அளவு, அது போய்ச் சேரும் ஆழம், நீரோடு இயல்பாக ஒழுகும் வேகம். நிறமும் வடிவ நுட்பமும் அவற்றுக்குப் பிறகுதான். ஒரே நிம்ஃபை மூன்று எடைகளில் வைத்திருப்பவர், முப்பது வகை நிம்ஃபை ஒரே எடையில் வைத்திருப்பவரைவிட நன்றாகவே மீன் பிடிப்பார் என்பதை இந்த ஆறுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அங்கே நீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். குளிர்காலம் முழுவதும் இருப்பது மிட்ஜ் என்னும், கொசுவைப் போன்ற ஆனால் கடிக்காத, மிகச் சிறிய பூச்சி. அதன் புழுவும் கூட்டுப்பருவமும்தான் மார்ச் மாதத்து அன்றாட இரை. அதற்கு 20, 22ஆம் எண் முள் வேண்டும். அடுத்தது, சிறிய கறுப்பு ஸ்டோன்ஃப்ளை. கரையில் பனி கிடக்கும்போதே அது பனியின்மேல் நடந்து போவதைக் காணலாம். 14, 16ஆம் எண் போதும். மூன்றாவதாக, நண்பகல் வெயிலில் வெளிவரும் பேட்டிஸ் என்னும் சிறிய மேஃப்ளை. அதற்கு 18, 20. இவை மூன்றும் கரும்பழுப்பு, கறுப்பு, மங்கிய பச்சை ஆகிய நிறங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆற்றில் இறங்கியதும் ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருப்பவற்றைப் பாருங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது அதுவே.

ஆகவே நிம்ஃபுகளில் ஃபெசன்ட் டெயில் 14 முதல் 18 வரை, ஹேர்ஸ் இயர் 12, 14இல் கொஞ்சம், கறுப்பு ஸீப்ரா மிட்ஜ் 18, 20இல் கொஞ்சம் இருந்தால் போதும். எடைக்கு டங்ஸ்டன் மணி சிறந்தது. அதன் அடர்த்தி 19.3, ஈயத்தினுடையது 11.3, பித்தளையினுடையது ஏறக்குறைய 8.5. சிறிய உடலில் மிகுந்த எடையை ஒளித்து வைக்க டங்ஸ்டனுக்கு நிகராக ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் மணி கோக்க வேண்டாம். முழங்கால் ஆழத் தெளிந்த நீரில், மெதுவாக ஓடும் இடத்தில், பளபளக்கும் தங்கநிற மணி இந்த மீன்களை விலகச் செய்கிறது. அங்கே செப்புக் கம்பி மட்டும் சுற்றிய மெல்லிய நிம்ஃபையோ, கறுப்பு மணி வைத்ததையோ பயன்படுத்துங்கள்.

போதிய ஆழத்துக்குப் போகிறதா என்பதை அறிய, நிம்ஃப் அவ்வப்போது அடிக் கல்லைத் தொட்டுச் செல்ல வேண்டும். ஒருமுறைகூடத் தொடாவிட்டால் எடை போதவில்லை. ஒவ்வொரு வீச்சிலும் சிக்கினால் மிகையாகிவிட்டது. மிதவை அடையாளம் கட்டுவதானால், நீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் கட்டிப் பாருங்கள். அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடுவதால், உங்கள் மிதவை அருகில் செல்லும் நுரைக் குமிழிகளைவிடச் சற்றே பின்தங்கி வந்தால் நிம்ஃப் சரியான இடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். குமிழிகளை முந்தினால் நூல் இழுக்கிறது என்று பொருள்.

ட்ரை ஃப்ளை கட்டாயம் வேண்டும், ஐயா. பகல் பதினொன்றுக்கு மேல் வெயில் ஏறி நீர் ஒன்றிரண்டு பாகை சூடாகும்போது, பிற்பகல் இரண்டரை வரையில், மீன் மேலெழுந்து வாய் வைக்கும் நேரம் ஒன்று உண்டு. பாராஷூட் ஆடம்ஸ் 16, 18இலும், மிட்ஜுக்கு கிரிஃபித்ஸ் நேட் 20இலும் வைத்திருங்கள். விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை. குடும்பத்தோடு பொறுமையாகக் காலையுணவு முடித்துவிட்டு வரலாம்.

நுனி நூலைப் பொறுத்தவரை, அதன் தடிமனைக் குறிக்கும் எக்ஸ் எண்ணை 11இலிருந்து கழித்தால் தடிமன் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்று தெரியும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 அங்குலம், அதாவது 0.15 மி.மீ.; 6 எக்ஸ் 0.13 மி.மீ. முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய ஒத்துவரும் எக்ஸ் எண் கிடைக்கும்; 16ஆம் எண்ணுக்கு 5, 18க்கு 6. நிம்ஃபுக்கு ஃப்ளோரோகார்பன் நல்லது, ஏனென்றால் அது நைலானைவிட அடர்த்தி மிகுந்தது, விரைந்து அமிழும். ட்ரை ஃப்ளைக்கு நைலானே நல்லது. லீடர், அதாவது வீசும் நூலையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நூல், 9 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும்; அசையாத மடுவில் 12 அடி வரை நீட்டுங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் மீன் உங்களைப் பார்த்துவிட்டால் பயனில்லை. நீரின் அடியிலிருந்து மீன் மேலே பார்க்கும்போது வெளியுலகம் முழுவதும் ஏறக்குறைய 97 பாகை விரிந்த ஒரு வட்டச் சன்னலுக்குள் சுருங்கித் தெரிகிறது. தாழ்ந்து நிற்பவர் அதன் விளிம்பில் நசுங்கிய உருவமாகப் போய்விடுவார். ஆகவே கீழ்நீரிலிருந்து மேல்நோக்கி வாருங்கள், குனிந்து வாருங்கள், மங்கிய நிற உடை அணியுங்கள்.

மயிலிறகு (பீடோர், பேராக்) மறுமொழி:

தம்பி எழுதியது முழுவதும் சரி. நான் கட்டும் வேலையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் ஆற்றோரம் ஐயா கேட்ட ஃப்ளைகளில் பாதிக்கு மேல் நம் ஊரில் கிடைக்கும் பொருளைக் கொண்டே கட்டலாம்.

ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை உருவாக்கிய ஃபிராங்க் சாயர், இங்கிலாந்தின் ஏவன் ஆற்றங்கரையில் ஆற்றுக் காவலராக இருந்தவர். அவர் அதைக் கட்ட நூலே பயன்படுத்தவில்லை. மெல்லிய செப்புக் கம்பியும் ஃபெசன்ட் சேவலின் வாலிறகு இழைகளும் மட்டுமே. கம்பியே நூலாகவும் எடையாகவும் அமைந்தது. கால்கள் என்று எதையும் அவர் வைக்கவில்லை, ஏனென்றால் நீந்தும் நிம்ஃப் தன் கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதை அவர் கவனித்திருந்தார். தெளிந்த நீருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியாது. கம்பிக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழுதான சிறிய மின்மோட்டாரின் சுருளைப் பிரித்தால் வாழ்நாளுக்குப் போதுமான அளவு கிடைக்கும். வாலிறகை மட்டும் வரவழைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மயிலிறகு. தைப்பூசத்துக்கு முன்பிருந்தே நம் பூசைப் பொருள் கடைகளில் காவடிக்காக மயிலிறகு கட்டுக்கட்டாக வருகிறது. காவடியில் ஏறிய இறகைக் கேட்காமல், கடையில் தனியாக ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்டின் பக்கவாட்டில் உள்ள பச்சை இழைகள் கிரிஃபித்ஸ் நேட்டுக்கு உடலாகின்றன. அதன்மேல் கறுப்பு வெள்ளை வரியோடிய சேவல் இறகைச் சுற்றிவிட்டால் ஃப்ளை முடிந்தது. கண்ணுக்கு அருகில் உள்ள இழைகளை எடுத்துப் பென்சில் அழிப்பானால் தேய்த்தால் தூவி உதிர்ந்து, ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் கறுத்தும் உள்ள நாரு மிஞ்சும். அதை முள்ளில் சுற்றும்போது பூச்சியின் வயிற்று வளையங்கள் போலவே வரிவரியாக அமையும். பேட்டிஸுக்கு அந்த உடல்தான் வேண்டும். நாரு எளிதில் அறுந்துவிடும் என்பதால் மேலே ஒருமுறை மெல்லிய வார்னிஷ் பூசிவிடுங்கள்.

சேவல் இறகில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கம்பத்துச் சேவலின் கழுத்திறகு 12, 14ஆம் எண் ட்ரை ஃப்ளைக்கு வரும்; 18ஆம் எண்ணுக்கு அதன் இழை நீண்டுவிடும். அந்தச் சிறிய அளவுகளுக்கு ஃப்ளை கட்டுவதற்கென்றே வளர்க்கப்படும் சேவலின் இறகை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் கோழியின் மென்மையான கழுத்திறகு, நீரில் அமிழும் வெட் ஃப்ளைக்கு அருமையானது. ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றாதீர்கள். நீரில் அது திறந்து மூடி உயிருள்ளதுபோல் அசைய வேண்டுமானால் இழை குறைவாக இருக்க வேண்டும்.

செம்பனைத் தோட்ட ஓரங்களில் வாத்து வளர்ப்பவர்களிடம் கேட்டால் வாலருகே எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள சிறு தூவிகளையும் பெறலாம். அவை தாமாகவே மிதக்கும். குளிர் நீரில் மெதுவாக மேலெழும் மீனுக்கு, நீர்ப்பரப்போடு ஒட்டி உட்காரும் அந்தத் தூவி ஃப்ளை உயர்ந்து நிற்கும் ஃப்ளையைவிட நன்றாக வேலை செய்கிறது. அதன்மேல் வழக்கமான மிதவைப் பசையைத் தடவாதீர்கள். தூவி ஒட்டிப்போய் மிதக்கும் தன்மையே போய்விடும்.

ஆடம்ஸைப் பற்றி ஒரு வரி. 1922இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லென் ஹாலடே என்பவர் கட்டியது அது. எந்தப் பூச்சியையும் துல்லியமாகப் போலச் செய்யாமல், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தால் பலவற்றுக்கும் பொதுவாக நிற்கிறது. நாடு விட்டு நாடு போகிறவர் பெட்டியில் வைக்க அதுவே காரணம். எல்லா முள்ளிலும் முள்தாடையை, அதாவது நுனிக்குப் பின்னால் எதிர்ப்புறம் நீட்டியிருக்கும் சிறு கூரை, இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்.

கங்சார் மலர் (கோலகங்சார், பேராக்) மறுமொழி:

இரு அண்ணன்மாரும் சொன்னவற்றை மதித்தே ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன். அந்த மலைகளுக்கே உரிய மீன்பிடி முறை டெங்காரா. ரீல் கிடையாது, மூன்றரை மீட்டர் அளவுள்ள மடக்குத் தடியின் நுனியில் நூலைக் கட்டி, கெபாரி என்னும் ஃப்ளையை வீசுவது. பல கெபாரிகளில் இறகு பின்னோக்கி அல்லாமல் முள்ளின் கண்ணை நோக்கி முன்னே விரிந்திருக்கும். பழைய முறையில் வீசுகிறவர்கள் பலர் பருவம் முழுவதும் ஒரே வகைக் கெபாரியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த மக்கள் தங்கள் தேவைக்காக மலையாறுகளில் வளர்த்தெடுத்த அறிவு அது. இவ்வளவு ஃப்ளைகளைக் கட்டிக்கொண்டு போவதைவிட, 12ஆம் எண் முள்ளில் மயிலிறகு உடலும் பழுப்புக் கோழியிறகும் வைத்துச் சில கெபாரிகளைக் கட்டிக்கொண்டு போவதே சிறந்தது என்பது என் எண்ணம்.

இதில் நூல் நீரைத் தொடாமல் தடியின் நுனியிலிருந்தே நேராக இறங்குவதால், சுவா அண்ணன் வலியுறுத்திய இயல்பான ஒழுக்கு தானாகவே கிடைத்துவிடுகிறது. நெருக்கமான சிற்றாறுகளில் 6ஆம் எடைத் தடியைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இது எளிது. ஐயா 6ஆம் எடைத் தடியைப் பெரிய ஆற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சுவா ஏரிக்கரை மறுமொழி:

மலர் அக்கா சொல்வது மே, ஜூன் மாதங்களுக்கு முழுக்கப் பொருந்தும்; நானும் அப்போது டெங்காராவைத்தான் எடுத்துச் செல்கிறேன். ஆனால் மார்ச் மாதத்தில் எடையில்லாத கெபாரி நீரின் மேல்பாதியிலேயே போய்விடுகிறது, மீனோ அடியில் கிடக்கிறது. டெங்காராத் தடியிலேயே டங்ஸ்டன் மணி நிம்ஃபைக் கட்டி வீசினால் இரண்டு நன்மையும் சேர்ந்து கிடைக்கும். கெபாரிக்குள் செப்புக் கம்பியைச் சுற்றிக் கட்டினாலும் சரி. தடியைப் பற்றி அக்கா சொன்னதை நான் ஏற்கிறேன்.

ஆற்றோரம் மறுமொழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அழிப்பானால் மயிலிறகைத் தேய்க்கும் முறையை இன்று செய்து பார்த்தேன். வரிகள் அழகாக வருகின்றன. இன்னும் இரண்டு ஐயங்கள். நான் ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் ஸ்ட்ரீமர்களுக்கு அங்கே இடமே இல்லையா? பயணம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் தேர்வு மாறுமா?

சுவா ஏரிக்கரை மறுமொழி:

ஸ்ட்ரீமருக்கு இடம் உண்டு, ஐயா. மட்சுமோட்டோவில் அசுசா ஆறும் நராய் ஆறும் கூடி சாய் ஆறு என்னும் பெரிய ஆறாகின்றன. அங்குள்ள பெரிய பிரவுன் ட்ரௌட் சிறு மீனைத் தின்பது. மஞ்சளும் மினுக்கும் வேண்டாம். கறுப்பிலும் மங்கிய பச்சையிலும் 6, 8ஆம் எண்ணில் சிலவற்றைக் கட்டுங்கள். பிளஸ் ஆற்றில் செய்வதைப் போல வெடுக்கென்று இழுக்காமல், குறுக்கே வீசி, நீரோட்டமே அதை மெதுவாக வளைத்துக் கொண்டுவரும்படி விடுங்கள். உங்கள் 6ஆம் எடைத் தடிக்கு அதுவே பொருத்தமான வேலை.

ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் நிலைமை மாறிவிடும். வெயில் ஏற ஏற மலைப்பனி உருகி, பிற்பகலில் ஆறு பெருகிக் கலங்கிக் குளிர்ந்துவிடும். அந்த நாள்களில் நண்பகல் நல்ல நேரம் அல்ல. உருகுநீர் வருவதற்கு முன்னால் முற்பகலிலேயே இறங்க வேண்டும், அல்லது பனி குறைந்த தாழ்வான கிளையாற்றுக்குப் போக வேண்டும். நீர் கலங்கினால் 10, 12ஆம் எண் கனமான ஹேர்ஸ் இயரும் நுனியில் 4 எக்ஸ் நூலும் தேவைப்படும். எனவே இரண்டிலும் கொஞ்சம் கட்டி வையுங்கள்.

ஃப்ளையோடு சேர்த்து அறிய வேண்டியவை சில உண்டு. ஒவ்வோர் ஆற்றையும் அந்தந்த வட்டார மீனவர் கூட்டுறவுச் சங்கம் பராமரிக்கிறது. அதன் நாள் சீட்டை இறங்குவதற்கு முன்பே மீன்பிடிக் கடையிலோ, பல இடங்களில் இருபத்து நான்கு மணிநேரக் கடைகளிலோ வாங்கிவிடுங்கள். ஆற்றங்கரையில் கண்காணிப்பாளரிடம் வாங்கினால் விலை கூடுதல். அசுசா ஆற்றின் மேற்பகுதியில் உள்ள காமிகோச்சியில் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. பாலத்திலிருந்து மீன்களைப் பார்த்து மகிழலாம், தடியை எடுக்கக் கூடாது.

நம் ஊரில் அரைக்கால் சட்டையோடு இடுப்பளவு நீரில் நிற்பதைப் போல அங்கே நிற்க முடியாது. வேடர் என்னும், மார்புவரை மூடும் நீர்புகா உடையும், அதன்மேல் இறுக்கிய இடுப்புப் பட்டையும் கட்டாயம். இரண்டையும் நான் உங்களுக்குக் கொண்டுவந்து தருகிறேன், காலளவை மட்டும் எழுதுங்கள். கரடிகள் குளிர்கால உறக்கத்திலிருந்து எழும் பருவம் என்பதால் ஒலிக்கும் மணியொன்றைப் பையில் கட்டிக்கொள்வதும் வழக்கம். மீனை விடுவிக்கும்போது கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே முள்ளை எடுத்துவிடுங்கள். காற்று உறையும் குளிரில் இருக்கும் நாளில் அதை வெளியே வைத்திருந்தால் செவுள் விரைவில் கெட்டுவிடும்.

முதல் நாள் நராய் ஆற்றின் கீழ்ப்பகுதியில் தொடங்கலாம். 16ஆம் எண் ஃபெசன்ட் டெயிலில் டங்ஸ்டன் மணி வைத்ததை மேலேயும், அதிலிருந்து ஓரடி கீழே 20ஆம் எண் கறுப்பு மிட்ஜையும் கட்டி அனுப்புவோம். ஒரு சங்கத்தின் விதிக்கும் இன்னொன்றின் விதிக்கும் வேறுபாடு உண்டு, ஒரே நூலில் இரண்டு ஃப்ளை கட்டலாமா என்பதும் அதில் அடங்கும். சீட்டு வாங்கும்போது அதைக் கேட்டுவிடுவது என் பொறுப்பு.